ஐந்தாவது பூ

மெல்லிசான மல் துணியில் ஒரு தடவை ஊசி ஏறி இறங்கினால் அந்தத் தடம் லேசில் போகாது. நூலைப் பிரித்துவிடலாம். நகத்தால் நீவலாம், தண்ணீர் தெளித்து இஸ்திரி போடலாம். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும். இருபது வருடமாக மெஷின் மிதிக்கிற எனக்கு இது தெரியாதா? தெரிந்துதான் ஒரு பூவைப் போட்டேன். தெரிந்துதான் பிரித்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு எதைப் பற்றியும் எழுத இப்போது மனசில்லை.

அரூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் என் வீடு. முன்னறைதான் கடை. ஜாக்கெட், சுடிதார் எல்லாம் தைப்பேன். ஆனால் என்னைத் தேடி வருகிறவர்கள் கைக்குழந்தைச் சட்டைக்காகத்தான் வருவார்கள். ஸ்மாக்கிங் வைத்த சட்டை. தையல் டிப்ளமோ படித்தபோது ரெக்கார்டு நோட்டில் மாதிரித் துண்டு ஒட்ட வேண்டும் என்பதற்காக வகுப்பே கற்றுக்கொண்டு, பரீட்சை முடிந்ததும் வகுப்பே மறந்துபோன வேலை அது. என்னை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குழந்தையின் மார்பு ஒரு சாண் என்றால் மூன்று சாண் துணி எடுக்க வேண்டும். பென்சிலால் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஊசியை மேலோட்டமாகக் குத்தி எடுத்து, வரிசைகள் முடிந்ததும் எல்லா நூலையும் சேர்த்து இழுத்தால் அந்த மூன்று சாணும் ஒரு சாணாகச் சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்கும். மடிப்புகளின் தலையில் தேன்கூடு போலத் தையல் போட்டு முடித்துவிட்டு, முதலில் இழுத்த நூலை உருவிவிட வேண்டும். ரப்பர் இல்லாமலே துணி நெகிழ்ந்து கொடுக்கும். குழந்தை மூச்சு விட விட விரியும், சுருங்கும். முதல் மாதம் போட்ட சட்டையை ஆறாவது மாதம் வரை போடலாம். ஒரு சட்டைக்கு எட்டு நாள் வேலை. குழந்தை இரண்டே நிமிடத்தில் அதன்மேல் பாலைக் கக்கிவிடும். அதற்கு வருத்தப்படுகிறவள் இந்த வேலைக்கு வரக்கூடாது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் "அளவு சரியா வரலைங்க" என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. எனக்கு இருந்தது ஒரு தங்கச்சி. அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து கல்யாண ஜாக்கெட் வரை அவள் உடம்பில் ஏறியது எல்லாம் என் கையால் தைத்ததுதான். பொம்மிடிப் பக்கம் மரவள்ளியும் மஞ்சளும் போடுகிற ஒரு குடும்பத்தில் அவளைக் கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை நல்ல மனுஷன், பேச்சுதான் குறைவு. ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று யாரோ அவருக்கு அளந்து கொடுத்திருக்கிறார்கள் என்று நான் தங்கச்சியைக் கிண்டல் செய்வேன்.

கல்யாணமான அடுத்த வருடம் அவள் முழுகாமல் இருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலாவது மாதத்திலேயே ஆறு ஜப்லா, இரண்டு ஸ்மாக்கிங் சட்டை, காது மூடுகிற ஒரு குல்லா என்று ஒரு பெட்டி நிறையத் தைத்துவிட்டேன். எங்கள் பக்கம் குழந்தை பிறக்கும் முன்னால் அதற்கென்று எதையும் தைக்க மாட்டார்கள், வாங்க மாட்டார்கள். பிறந்ததும் பழைய வேட்டித் துணியில் சுற்றுவார்கள். தைத்த துணியெல்லாம் அப்புறம்தான். படித்தவர், படிக்காதவர் என்று இதில் வித்தியாசம் கிடையாது. நான் மட்டும் இதை நம்பவில்லை. "வயித்துக்குள்ள இருக்கறது யாருன்னு துணிக்கு என்னாடி தெரியும்?" என்று கேட்டுச் சிரித்தேன். ஐந்தாவது மாதம் கலைந்துவிட்டது.

அவள் மாமியார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னது தங்கச்சிதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "கொஞ்ச நாளு பொறுக்க முடியலையாக்கா உனக்கு?" என்றாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான்தான் அதைத் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் இருந்ததையெல்லாம் வந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தீர்த்தேன். இரண்டாவது தடவை அவள் உண்டானபோது ஊசியில் ஒரு நூல்கூடக் கோக்கவில்லை. அதுவும் நிற்கவில்லை. அந்தத் தடவை யாரைக் குறை சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

இனி, நான் பூப் போட்டுப் பிரித்த அந்தச் சட்டை. எங்கள் கடைவீதியில் ஒரு பாய் வீட்டு ஜவுளிக்கடை உண்டு. அந்த வீட்டு அக்காவுக்கும் முதல் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்து நாற்பது நாள் கழிந்த பிறகு, கடையில் இருந்ததிலேயே நல்ல வெள்ளை மல் துணியாக எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "டெய்லரக்கா, உங்களுக்குத் தெரிஞ்ச வேல எல்லாத்தையும் இதுல போட்டுடுங்க" என்றார். போட்டேன். மார்பில் ஒன்பது வரிசை தேன்கூடு, கழுத்தைச் சுற்றிப் பொடிப் பின்னல், கை மணிக்கட்டில் ஒரு சின்னச் சுருக்கு. உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. அந்தப் பெண் இப்போது ஆறாவது படிக்கிறாள்.

அடுத்து அதே சட்டையை அந்த அக்காவின் நாத்தனார் பையனுக்குப் போட்டார்கள். பிறகு எதிர்வீட்டுப் புளி மண்டிக்காரர் மகளுக்கு. அது மஞ்சள் காமாலை கண்டு பிழைத்த குழந்தை. அதன் பிறகு ஒரு போலீஸ்காரர் மனைவி கேட்டு வாங்கிப் போனாள். நாலு பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். ஒவ்வொரு குழந்தையும் போட்டு வளர்ந்த பிறகு சட்டையைத் துவைத்து என்னிடம் கொண்டுவருவார்கள். கீழ் ஓரத்தில் அந்தக் குழந்தைக்கென்று நான் ஒரு பூப் போடுவேன். ஐந்து இதழ், நடுவில் ஒரு முடிச்சு. நீலம், மஞ்சள், ஊதா, ரோஸ். அப்புறம் சட்டை ஜவுளிக்கடை அக்காவின் டிரங்குப் பெட்டிக்குப் போய்விடும். பூச்சி வராமல் இருக்கக் கிராம்பு போட்டு வைப்பார். குழந்தை போட்டு முடித்த பிறகுதான் பூ. அப்படி யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் யாரும் மீறியதில்லை.

'ராசியான சட்டை' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. எனக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். "கண்ணு போகத் தச்சவ நானு, ராசி மட்டும் சட்டைக்கா?" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

மூன்றாவது தடவை தங்கச்சி உண்டாகி ஏழாவது மாதம் வந்தபோது, வளைகாப்பு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னோடு இருக்க வந்திருந்தாள். மாமியார் அவளுக்காகத் தீர்த்தமலை ஏறி, பாட்டிலில் தீர்த்தம் பிடித்துக் கொடுத்து அனுப்பியிருந்தார். தினமும் காலையில் ஒரு மூடி குடித்துவிட்டு, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பாள். நான் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கேட்டாள்.

"அக்கா, அந்த ஜவுளிக்கட வூட்டுச் சட்டையக் கேட்டு வாங்கித் தருவியா?"

"அது எதுக்கு? மொதல்ல பொறக்கட்டும். அதவிட நல்லதா நான் தச்சுத் தரேன்."

"புதுசு வேணாம்க்கா. அதுதான் வேணும். நாலு புள்ளைங்க போட்டு நல்லாருக்குது. அஞ்சாவதா என்துக்கும் ஒரு பூ போடுவியாம்."

கேட்டுப் பழக்கமில்லாதவள் அவள். தீபாவளிக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டால்கூட உனக்குப் பிடிச்சதைத் தையக்கா என்பாள். அப்படிப்பட்டவள் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் என் கையைத் தேடி வருகிறது, என் தங்கச்சிக்கு மட்டும் என் கை புதிதாகத் தைப்பது பயமாக இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் நான்தான். செருப்பை மாட்டினேன்.

ஜவுளிக்கடை அக்கா ஒரு நொடி யோசிக்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்துவந்து கையில் கொடுத்தார். கிராம்பு வாசம் அடித்தது. நான் படி இறங்கும்போது கூப்பிட்டார். "பத்திரமாத் திருப்பிக் குடுத்துடுங்க டெய்லரக்கா. நாலு புள்ளைங்க உசுரு அதுல இருக்குது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

எட்டாவது மாதம் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. தங்கச்சிக்குப் பிரஷர் ஏறிக் கண் மங்கிப்போய், தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. ஒன்றே கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு தடவை பார்க்க விட்டார்கள். மூக்கில் குழாய், காலில் ஒரு பட்டை. எனக்கு வேறு எதுவும் தெரியாது, அளவு எடுக்கத்தான் தெரியும். கண்ணாலேயே டேப்பை வைத்துப் பார்த்தேன். மார்பு என் உள்ளங்கை அகலம். தோள் இரண்டு விரல். ராசியான சட்டை முழுதாகச் சுருங்கினாலும் இவளுக்குத் தொளதொளவென்றுதான் இருக்கும்.

மேல்மாடி வார்டில் படுத்திருந்த தங்கச்சி முதலில் கேட்டதே அதைத்தான்.

"சட்ட சரியா இருக்குமாக்கா?"

"ஒரு மாசத்துல கச்சிதமா இருக்கும்."

அவள் சொல்லிச் சட்டையைக் கொண்டுபோய் குழந்தை இருந்த அறையின் நர்ஸிடம் கேட்டேன். வெளித்துணி எதுவும் உள்ளே விடக்கூடாது என்றாள். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, "வூட்டுக்குப் போறப்ப போட்டுக் கூட்டிட்டுப் போங்கக்கா" என்றாள். அதை அப்படியே போய்த் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. வீட்டுக்குப் போகிற நாள் என்று ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அவளுக்குத் துணையாக மாமியார் இருந்தார். முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் கிடந்ததால் ஐந்தாம் நாள் நான் அரூருக்கு வந்தேன். ஆறாம் நாள் மத்தியானம் மாப்பிள்ளை போன் செய்தார். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "முப்பது கிராம் ஏறியிருக்குதுங்க" என்றார். மறுபடியும் "முப்பது கிராமுங்க" என்றார்.

போனை வைத்ததும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. முப்பது கிராம் என்றால் எங்கள் கடையில் இரண்டு மூன்று நூல்கண்டு எடை. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு ஏறிவிட்டாளா என்று வாய்விட்டுச் சொன்னேன். ஜாக்கெட்டை ஓரம் தள்ளிவிட்டு அந்தச் சட்டையை எடுத்தேன். நாலாவது பூவுக்குப் பக்கத்தில், முன்பே மனசில் பார்த்து வைத்திருந்த இடத்தில், ஐந்தாவது பூவைப் போட்டேன். சிவப்பு. ஐந்து இதழும் ஒரே மூச்சில் வந்தன. என் கையில் அதைவிட நல்ல பூ வந்ததில்லை. போட்டு முடித்துப் போனில் படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "செவப்பு நல்லாருக்குதுக்கா. ஆனா போட்ட பொறவுதான பூ?"

"போடத்தான போறா" என்று அனுப்பினேன்.

சொல்லிவிடுகிறேன். முதல் தடவை செய்த அதே காரியத்தைத்தான் மறுபடியும் செய்தேன். முந்திக்கொண்டேன். பூவுக்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்லை என்று இப்போதும் என் புத்திக்குத் தெரியும். கை நம்ப மாட்டேன் என்கிறது.

ஒன்பதாம் நாள் காலையில் குழந்தை போய்விட்டது. விடியற்காலையிலிருந்தே மூச்சு வாங்கியதாம். அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியிலிருந்து எடுத்து மாமியார் வைத்திருந்த பழைய வேட்டித் துணி ஒன்றில் சுற்றி வைத்திருந்தார்கள். மாமனார் கட்டிய வேட்டி, துவைத்துத் துவைத்து நைந்தது. பிறந்ததும் சுற்றுவதற்காக ஊரிலிருந்து எடுத்து வந்த துணி அது. அதற்கு அப்போதுதான் வேலை வந்தது.

தங்கச்சிக்குக் காய்ச்சல். ஆபரேஷன் தையல் ஆறவில்லை, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்தச் சட்டையப் போட்டு அனுப்பு" என்றாள். "வூட்டுக்குப் போறப்ப போடச் சொன்னாங்கல்ல?"

"சரி" என்றேன்.

அவர்கள் ஊரில் அடக்கம் செய்ய ஒரு வேன் பிடித்தோம். முன்னால் டிரைவர் பக்கத்தில் மாப்பிள்ளை. பின்னால் நான், மடியில் குழந்தை, பக்கத்தில் என் பை. அப்படி ஒரு பொருளை மடியில் வைத்துக்கொண்டு ஊர்களைப் பார்த்துக்கொண்டு போவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. டீக்கடைகளில் ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பொம்மிடிக்குப் பக்கத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப்போய் நின்றார். அதற்குள் போட்டுவிடலாம் என்று பையிலிருந்து சட்டையை எடுத்தேன்.

வேட்டித் துணியை விலக்கினேன். இரண்டு கையையும் நுழைத்தால் முடிந்தது, பின்னால் மூன்று பட்டன். ஆயிரம் குழந்தைக்குப் போட்டுப் பார்த்த கை. சட்டையை அவள் மேல் விரித்தபோது கீழ் ஓரம் என் பக்கம் இருந்தது. நீலம், மஞ்சள், ஊதா, ரோஸ். சிவப்பை விட்டு மற்ற நாலும் என்னைப் பார்த்தன.

கூட்ஸ் வண்டி போக ஆரம்பித்தது. நான் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலப் பூவுக்குச் சொந்தக்காரி தினமும் பள்ளிக்கூடப் பையோடு என் கடையைத் தாண்டிப் போவாள், கை காட்டுவாள். இந்தச் சட்டை மண்ணுக்குள் போனால் அவள் பூவும் போகும். நாளைக்கு நாலில் ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால்? பெற்றவள் என்ன நினைப்பாள்? பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்களே. யாருடைய நம்பிக்கையைப் பார்த்தாலும் கிண்டல் செய்கிற நான், அந்தக் கேட்டில் எல்லாவற்றையும் நம்பினேன். நாலு பிள்ளைகளுக்காகப் பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. ராசியான சட்டையைப் பிணத்துக்குப் போட்டுப் புதைத்தவள் என்று பெயர் வந்தால் எவள் தன் குழந்தையை என் கடைக்குத் தூக்கி வருவாள் என்றும் நினைத்தேன். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு நினைத்தேன்.

கடைசிப் பெட்டி போனது. கேட் தூக்கினார்கள். சட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வேட்டித் துணியை முன்பு இருந்தபடியே சுற்றினேன். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார்.

"போடலைங்களா?"

"பெருசா இருக்குது தம்பி."

அவர் மறுபடியும் ரோட்டைப் பார்த்துக்கொண்டார். மரவள்ளிக் காட்டு ஓரத்தில் குழி எடுத்து வைத்திருந்தார்கள். அங்கே பெண்கள் போவதில்லை. அவர்கள் வீட்டு வாசலிலேயே மாப்பிள்ளை கைகளில் கொடுத்துவிட்டு நின்றேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். தங்கச்சி விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"போட்டியாக்கா?"

"போட்டேன்."

"சரியா இருந்துச்சா?"

"கொஞ்சம் லூசு. கையை ஒரு மடிப்பு மடிச்சு விட்டேன்."

பொய்க்குக்கூட அளவு பார்த்தேன். "மடிச்சு விட்டியா" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, அந்த ஒன்பது நாளில் முதல் தடவையாக அழுதாள். மாப்பிள்ளை கதவோரம் நின்று நான் சொன்னதைக் கேட்டார். இன்று வரை அவர் உண்மையைச் சொல்லவில்லை.

டிஸ்சார்ஜ் ஆனதும் அவள் என் வீட்டுக்குத்தான் வருவாள். அவள் வரும்போது சட்டை என் வீட்டில் இருக்கக் கூடாது. அரூருக்கு வந்து, காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஐந்தாவது பூவைப் பிரித்தேன். இதழ்கள் சுலபமாக வந்துவிட்டன. நடுமுடிச்சுதான் வரவில்லை. ஊசி முனையால் ஒவ்வொரு சுற்றாக எடுத்தேன். அவசரப்பட்டு இழுத்தால் மல் துணி கிழிந்துவிடும். துவைத்து, நீவி, இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "புள்ள போடவே இல்லைங்க அக்கா" என்றேன், அவர் பயப்பட வேண்டாம் என்று. அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். குழந்தைக்காகத் துவா செய்ததைச் சொன்னார். திரும்பி வரும்போது, ஒரு காரியமாவது சரியாகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்த என்னை இப்போது நினைத்தாலும் அறைய வேண்டும் போலிருக்கிறது.

தங்கச்சி வந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வெட்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருப்பாள். பால் கட்டிக்கொண்டு வலிக்கும். ஈரத்துணி வைத்துக்கொள்வாள். பேசினால் சட்டையைப் பற்றித்தான் பேசுவாள்.

"செவப்புப் பூவு மேலாப்புல தெரியற மாதிரி வச்சியாக்கா?"

"ஆமா. வலது பக்கம்."

"பட்டன் மூணும் போட்டியா?"

"மூணும்."

சில நாள் அவள் கேட்காமலே நானாகச் சொல்வேன். கழுத்துப் பின்னல் குத்தாமல் இருக்க உள்ளே ஒரு மெல்லிசுத் துணி வைத்தேன் என்றேன். அந்தச் சட்டைக்குள் அவள் குழந்தை ஒழுங்காக, சூடாக, தன் பூவோடு படுத்திருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள். வேறு ஒன்றும் அவளிடம் இல்லை. நான் அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்துக் கொடுத்தேன்.

நாற்பது நாள் கழிந்திருக்கும். பதினோரு மணி வெயில். நான் மெஷினில் நீளமான ஒரு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன், சத்தத்தில் யார் வந்தது என்று தெரியவில்லை. தங்கச்சிதான் எழுந்து வாசலுக்குப் போனாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது ஜவுளிக்கடை அக்கா படியில் நின்று, ஒரு பிளாஸ்டிக் கவரை அவள் கையில் வைத்து மூடிக்கொண்டிருந்தார். மெஷின் நின்றதும் அவர் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"அக்கா கொண்டாந்து குடுத்தாங்கம்மா. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன், அஞ்சாவதா ஒரு பூவு போட்டுப் பிரிச்ச தடம் இருக்குது. பூ வச்சப்பறம் அது உன் புள்ளையோடதுதான். எங்க வூட்டுல வச்சுக்க எனக்கு மனசு வரல. நீயே வச்சுக்கம்மா."

தங்கச்சியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு அவர் இறங்கிப் போனார். அது பரிவா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். துணி விற்கிற வீட்டுக் கண்ணுக்கு ஊசித் தடம் தெரியாமல் போகும் என்று நான் எப்படி நினைத்தேனோ. எந்த நாலு பேருக்காக அந்தக் குழந்தைக்குக் கொடுக்காமல் அதைத் தூக்கி வந்தேனோ, அவர்களுக்கு அது வேண்டாம். அன்றைக்கே போட்டு அனுப்பியிருந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

தங்கச்சி கவரைப் பிரித்தாள். கிராம்பு வாசம் என் மெஷின் வரை வந்தது. சட்டையை வாசல் வெயிலில் தூக்கிப் பிடித்தாள். நாலு பூவைத் தாண்டி அவள் விரல் போய் நின்றது. ஒவ்வொரு ஓட்டையாகத் தடவினாள். ஐந்து இதழ். நடுவில் முடிச்சு இருந்த இடத்தில் நூல் கொஞ்சம் விலகியிருந்தது, அங்கேதான் விரல் வெகுநேரம் இருந்தது.

"அப்ப என்ன போட்டு அனுப்புன?"

"வேட்டித் துணிதான். உங்க வூட்டுது."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். சட்டையைப் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு வந்து மெஷின் மேல், நான் அடித்துக்கொண்டிருந்த துணியின் மேல் வைத்தாள்.

"தையக்காரி வூட்டுப் புள்ளக்கா அது" என்றாள். "தச்ச துணி ஒண்ணுகூட ஒடம்புல படாமயா போச்சு?"

அவள் உள்ளே போய்த் தன் துணிகளை எடுத்துப் பையில் வைக்கிற சத்தம் கேட்டது. நான் கழுத்தில் அளவு டேப்போடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.